கிடைமட்டமாக வந்த துகள்

1939 ஆம் ஆண்டு விடுமுறைக்காகத் தாயகம் வந்து, உலகப்போர் மூண்டதால் கேம்பிரிட்ஜ் திரும்ப இயலாத ஹோமி பாபா, சி. வி. இராமன் பணியாற்றிய பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் அண்டக்கதிர் ஆய்வைத் தொடங்கினார். டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும் 1945 ஜூனில் அங்கேயே பிறந்து, ஆண்டு முடியுமுன் பம்பாய்க்குப் பெயர்ந்தது. ஆயினும் அதன் மிக ஆழமான ஆய்வுக்கூடம் பெங்களூரிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவில், கோலார் தங்கவயலிலேயே அமைந்தது.

அண்டக்கதிர்கள் காற்றில் மோதும்போது பிறக்கும் மியூவான் என்னும் ஊடுருவும் துகள் பாறைக்குள் எவ்வளவு தூரம் செல்லும் என்று அளக்க, பெங்களூரில் பயின்ற பி. வி. ஸ்ரீகண்டன் 1951 இல் அங்கு அனுப்பப்பட்டார். பத்தாண்டு கழித்து மிக ஆழமான தளத்தில் வைத்த கருவி ஏறத்தாழ இரண்டு மாதம் ஒரு மியூவானையும் பதிவு செய்யவில்லை. தோல்வியெனத் தோன்றும் இந்தப் பூச்சியமே மேற்கொண்டு நிகழ்ந்தவற்றுக்கு அடித்தளமாயிற்று; ஏனெனில் பிற துகள்கள் அடங்கிவிட்ட இடத்தில்தான், மின்னூட்டமின்றிப் பொருளோடு மிக அரிதாகவே வினைபுரியும் நியூட்ரினோவைத் தேட முடியும்.

நியூட்ரினோவைத் தேடும் கருவி 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் வைக்கப்பட்டது. மேலிருந்து வரும் மியூவான் அந்த அளவு பாறையைக் கடந்தால் போதுமெனினும், பக்கவாட்டில் வருவது பன்மடங்கு பாறையைத் துளைக்க வேண்டியிருப்பதால், கிடைமட்டமாகப் பாயும் மியூவான் அருகிலுள்ள பாறையில் நியூட்ரினோ மோதிப் பிறந்ததாகவே இருக்க வேண்டும். ஆகவே ஒளி சிந்தும் பிளாஸ்டிக் பலகைகள் சுவர்போல் செங்குத்தாக நிறுத்தப்பட்டன. எம். ஜி. கே. மேனன் தலைமையிலான குழுவும் ஒசாகா, டர்ஹாம் பல்கலைக்கழகத்தாரும் அத்தகைய மியூவானைக் கண்டதாக 1965 ஆகஸ்டில் வெளியிட்ட கட்டுரை, பிரெடெரிக் ரைனஸ் குழு தென்னாப்பிரிக்கச் சுரங்கத்தில் கண்ட முடிவை அச்சில் சுமார் இரு வாரம் முந்தியது. துகளைக் கண்ட தேதியிலோ பின்னவரே முந்தியவர். இந்த முந்துரிமையைவிட, இரு குழுவினரும் தனித்தனியே பக்கவாட்டுத் திசையையே நாடினர் என்பது கூடுதல் கவனத்துக்குரியது. தங்கத்துக்காக அந்த ஆழத்தைத் தோண்டியோரில் பெரும்பகுதியினர் வட ஆர்க்காடு போன்ற பகுதிகளிலிருந்து சென்ற தமிழ்த் தொழிலாளர்கள் என்பதும் இவ்வரலாற்றில் சேர்க்கத்தக்கது.

பக்கவாட்டுத் திசையின் முக்கியத்துவம் அத்துடன் முடியவில்லை. ஆற்றல் ஏறஏற நியூட்ரினோ பொருளோடு மோதும் வாய்ப்பும் ஏறுவதால், மீமிகு ஆற்றலில் பூமியே அதனை விழுங்கும் சுவராகிறது. விழுங்கப்பட்ட பங்கைக் கணக்கிட்டு, துகள்முடுக்கிகள் எட்டாத ஆற்றலில் அம்மோதல் வாய்ப்பை அளந்த முடிவைத் தென்துருவத்தின் ஐஸ்கியூப் நியூட்ரினோ ஆய்வகம் 2017 இல் வெளியிட்டது. 2023 பிப்ரவரி 13 அன்று சிசிலிக்கு அப்பால் 3,450 மீட்டர் ஆழக் கடலில் கேஎம்3நெட் நியூட்ரினோ ஆய்வகம் பதிவு செய்த மியூவானும், ஏறத்தாழ 22 கோடி ஜிகா எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள நியூட்ரினோவால் பிறந்ததாக மதிப்பிடப்பட்டு, அடிவானத்தை ஒட்டியே வந்தது. அந்த நியூட்ரினோவின் பிறப்பிடம் தொலைதூர விண்மீன் மண்டலங்களின் மையக் கருந்துளைகளா, பேராற்றல் அண்டக்கதிர்கள் விண்வெளி ஒளியோடு மோதிய இடைவெளியா என்பது இன்னும் தீராத வழக்கு.