அம்பாறைக் காணொளி விட்டுச்சென்ற பாடம்



2018 பெப்ரவரி 26ஆம் திகதி இரவு. அம்பாறை நகரில் முஸ்லிம் ஒருவருடைய சாப்பாட்டுக் கடை. கறிக்குள் ஏதோ கட்டி கிடப்பதாக ஒரு வாடிக்கையாளர் சத்தம் போட, கூட்டம் சேர்ந்தது. காசாளரைச் சூழ்ந்துகொண்டு, கருத்தடை மருந்து போட்டாயா என்று சிங்களத்தில் கேட்டார்கள். அவருக்கோ சிங்களம் சரியாக வராது. பயத்தில் தடுமாறி, போட்டதாகப் பொருள்படும்படி ஏதோ சொன்னார். அதைக் கையடக்கத் தொலைபேசியில் பதிவு செய்தார்கள்.

அன்றிரவு கடை நொறுக்கப்பட்டது, பள்ளிவாசலும் தாக்கப்பட்டது. காணொளி ‘ஒப்புதல் வாக்குமூலமாக’ நாடெங்கும் பரவியது. நிரந்தர மலட்டுத்தன்மையை உண்டாக்கும் அப்படியொரு மாத்திரையே கிடையாது என்று வைத்தியத் துறையினர் விளக்கினார்கள். கறியில் இருந்தது வெறும் மாக்கட்டி என்று அரச பகுப்பாய்வும் சொன்னது. ஆனால் அதற்குள் திகன எரிந்துவிட்டது. அங்கே உடனடிக் காரணம் வேறு: தாக்கப்பட்ட ஒரு லொறிச் சாரதியின் மரணம். எனினும் அம்பாறைக் காணொளி ஏற்கெனவே மனங்களைக் காயவைத்திருந்தது.

மார்ச் 7ஆம் திகதி அரசாங்கம் முகநூலையும் வட்ஸ்அப்பையும் முடக்கியது. சிங்களத்தில் வந்த வெறுப்புப் பதிவுகளைப் பற்றிப் பலர் முகநூல் நிறுவனத்திடம் முறையிட்டும் உரிய நடவடிக்கை வரவில்லை. நம் மொழிகள் தெரிந்த ஆட்கள் அங்கே போதியளவு இருக்கவில்லை. 2020இல்தான் அந்நிறுவனம் மன்னிப்புக் கேட்டது.

அப்படியானால் கெமராதான் குற்றவாளியா? இல்லை. திகனயில் பொலிஸாரில் சிலர் நடந்துகொண்ட விதத்தை வெளியுலகுக்குக் காட்டியதும் சிசிடிவி காட்சிகள்தான்.

பத்திரிகையில் பிழை வந்தால் கேட்பதற்கு ஓர் ஆசிரியர் இருக்கிறார். மறுநாள் திருத்தம் போடலாம். அம்பாறைக் காணொளிக்குப் பொறுப்பாளியே இல்லை. அதைப் பார்த்த எத்தனை பேரிடம் விளக்கம் போய்ச் சேர்ந்தது?

ஒரு ஹதீஸைக் கேட்டால், யாரிடமிருந்து யார் கேட்டார் என்று அறிவிப்பாளர் வரிசையைத் தேடிய சமூகம் நாம். இன்று நம் வட்ஸ்அப் குழுமத்துக்கு இன்னொரு சமூகத்தைப் பற்றிய காணொளி வந்தால் என்ன செய்கிறோம்? யார் எடுத்தது, எந்த மொழியில் என்ன கேட்கப்பட்டது, பதிவு தொடங்குமுன் என்ன நடந்தது? இந்த மூன்றையும் கேட்காமல் பகிர்ந்தால், அன்று அந்தக் காசாளரைச் சுற்றி நின்ற கூட்டத்தில் நாமும் ஒருவர்தான்.