முத்துக் குளிக்க மன்னாருக்கு வந்த அரபிகள்

ரொம்ப நாளா இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கல. தீசிஸ் கழுத்தை நெரிக்குது. இதை எழுதறதும் அதை ஒதுக்கி வச்சிட்டுத்தான் (என் கைடுக்குத் தமிழ் தெரியாதுங்கிற தைரியம் :-)).

நான் ஷார்ஜாவில் இருக்கேன்னு தெரியும்ல? சனிக்கிழமை காலையில் எங்க கட்டிடத்துப் பிள்ளைகள் ஆறேழு பேருக்குத் தமிழ் எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுக்கிறேன். அதில் ஒருத்தன் கீழக்கரைப் பையன், ஏழாவது படிக்கிறான். போன மாசம் வந்ததும் வராததுமா கேட்டான்: "அக்கா, ஸ்கூல்ல ஒருத்தன் சொல்றான், உங்க ஊர்ல ஒண்ணும் இல்லாமத்தானே இங்க வேலைக்கு வந்தீங்கன்னு. இங்க உள்ளவங்க யாரும் நம்ம பக்கம் வேலைக்கு வந்ததே இல்லையா?"

எனக்குப் பதில் தெரியல. வரலாறு படிக்கிறவ, அதுவும் தூத்துக்குடிக்காரி. "அடுத்த வாரம் சொல்றேன்டா"ன்னு சமாளிச்சேன்.

முதலில் போனது பல்கலைக்கழக நூலகத்தின் தரவுத்தளங்களுக்கு. காசு கட்டி வாங்கி வச்சிருக்கிற கட்டுரைகள் கொட்டிக் கிடக்கு. ஆனா பாருங்க, என் பாஸ்வேர்டு இருக்கிறவரைக்கும்தான் அந்தக் கதவு திறக்கும். பையனோட வாப்பாவுக்கு ஒரு லிங்க் அனுப்பினா அவருக்குத் திறக்காது. அவர் நம்பணும்னா அவரே பார்க்கணும் இல்லையா? அதனால எல்லாருக்கும் திறந்து கிடக்கிறதில் தேடினேன்.

கத்தார் டிஜிட்டல் லைப்ரரி அப்படி ஒண்ணு. கத்தார் தேசிய நூலகமும் லண்டனில் இருக்கிற பிரிட்டிஷ் லைப்ரரியும் சேர்ந்து 2014-ல் திறந்தது. வளைகுடா பத்தின லட்சக்கணக்கான பக்கங்கள், இலவசமா, போனிலேயே படிக்கலாம். இதில் பெரும்பகுதி 'இந்தியா ஆபீஸ்' ஆவணங்கள். வளைகுடாக் காகிதம் இந்தியா ஆபீஸில் ஏன்? ஈரான் கரையில் புஷையரில் உட்கார்ந்திருந்த பிரிட்டிஷ் ரெசிடெண்ட், முதலில் பம்பாய் அரசுக்கும் 1873-லிருந்து இந்திய அரசுக்கும் கீழே இருந்தவர். 1947 வரைக்கும் இந்தக் கரையோட விவகாரம் நம்ம ஊர் வழியாத்தான் போச்சு. 1959-ல் ரிசர்வ் வங்கி வளைகுடாவுக்குன்னே தனி ரூபாய் நோட்டு அடிச்சதும் இந்தப் பழைய உறவோட மிச்சம்தான்.

தேடறதுக்கு ஒரு பாடம் கத்துக்கிட்டேன். இன்னிக்கு எழுதற பேரைப் போட்டுத் தேடினா பாதி அகப்படாது. துபாயை 'திபாய்'னும் 'தெபாய்'னும் எழுதி வச்சிருக்காங்க. அமீரகம்னு போட்டா எப்படி வரும்? அது பிறந்ததே 1971-ல். அதுக்கு முன்னாடி 'ட்ரூஷியல் கோஸ்ட்'.

அங்கே அகப்பட்டவர் லோரிமர். அதிகாரிகள் மட்டும் படிக்கிறதுக்குன்னு அவர் தொகுத்த வளைகுடா கெசட்டியர் 1908-லும் 1915-லும் வெளிவந்தது, சுமார் 5,000 பக்கம். (முழுசும் அச்சானதைப் பார்க்காமலே 1914-ல் மனுஷன் செத்துப் போயிட்டார்.) முத்துக் குளிப்புக்குன்னே அதில் ஒரு பெரிய பின்னிணைப்பு. வளைகுடா முழுக்கச் சுமார் 4,500 படகு, 74,000 ஆள்னு கணக்குச் சொல்லுது. முன்பணம் வாங்கி, அந்தக் கடனைக் கழிக்கவே வருஷா வருஷம் கடலில் இறங்கின கூட்டம் அது. பெரிய குளிப்பு ஜூனிலிருந்து செப்டம்பர் வரைக்கும்.

மிச்ச மாசம்? இங்கதான் மன்னார் வருது.

மன்னார் வளைகுடாவில் சலாபம் மாசியிலிருந்து சித்திரை வாக்கில். ரெண்டு பருவமும் மோதாது. அதனால வளைகுடாவிலிருந்து அரபிகள் கப்பலேறி இலங்கைக் கரைக்கு, மரிச்சுக்கட்டிக்கு, வந்தாங்க. அங்கே கீழக்கரை, தூத்துக்குடி ஆட்களோட ஒரே கடலில் மூழ்கினாங்க. எடுத்த சிப்பியில் மூணில் ஒரு பங்கு குளிச்சவங்களுக்கு, ரெண்டு பங்கு சர்க்காருக்கு. 1906 சலாபத்தில் வேலை பார்த்த ஒரு இளம் அதிகாரி பிற்காலத்தில் தன் வாழ்க்கைக் கதையில் இந்த அரபிகளைப் பத்தி எழுதியிருக்கார். அவர் லெனார்ட் உல்ஃப், வர்ஜீனியா உல்ஃபோட கணவர்.

ஹெர்ட்மன்னும் ஹார்னெல்லும் தயாரிச்ச இலங்கை முத்துச்சிப்பி அறிக்கை 1903-லிருந்து 1906 வரை ஐந்து பாகமா வந்தது. அதுவும் இணையத்தில் இலவசம். பிள்ளைகளுக்கு அந்தப் பக்கங்களைக் காட்டினேன். அவங்களுக்கு அதிகம் பிடிச்சது ஒரு சின்ன விஷயம்: அரபி கொம்பில் செஞ்ச கிளிப்பை மூக்கில் மாட்டிக்கிட்டு இறங்குவான், நம்ம ஆள் விரலால் மூக்கைப் பிடிச்சுக்கிட்டே இறங்குவான். அப்புறம் அரை மணி நேரம் வகுப்பே நடக்கல. எல்லாரும் மூக்கைப் பிடிச்சுக்கிட்டு எண்ண ஆரம்பிச்சிட்டாங்க.

கீழக்கரைப் பையன் மட்டும், "இதை அவன்கிட்ட நாளைக்கே சொல்லணும்"னு குதிச்சான். எனக்கு அது கொஞ்சம் உறுத்திச்சு. பதிலுக்குப் பதில் குத்திக் காட்டவா இவ்வளவு தேடினோம்? அதனால அதே கத்தார் நூலகத்தில் இருந்து இன்னொண்ணையும் சொன்னேன். 1920, 30களில் அடிமைகளா இருந்தவங்க, அதில் முத்துக் குளிச்சவங்க பலர், ஷார்ஜாவிலும் பஹ்ரைனிலும் இருந்த பிரிட்டிஷ் அலுவலகங்களுக்கு ஓடி வந்து விடுதலைப் பத்திரம் கேட்டிருக்காங்க. எங்கே பிறந்தேன், யார் பிடிச்சு வித்தாங்கன்னு அவங்க சொன்னது கோப்பில் இருக்கு. லோரிமரில் 74,000 ஆள் வெறும் எண். இங்கேதான் மனுஷங்களுக்குப் பேர் வருது. அதுவும் அதிகாரி எழுதி வச்ச அளவுக்குத்தான், மொழிபெயர்ப்பில். பையன் கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் கேட்டான், "நம்ம ஆளுங்க பேரு எங்கக்கா இருக்கும்?"

அன்னிக்கு ராத்திரி அவன் வாப்பா போன் பண்ணினார். லிங்க் திறந்துச்சாம். "ஏம்மா, இதுல கீழக்கரைய வெள்ளைக்காரன் எப்படி எழுத்துக்கூட்டியிருப்பான்?"னார். நாலு விதம் எழுதிக் கொடுத்திருக்கேன். ரெண்டு தேடி முடிச்சிட்டாராம்.