அடுக்குமாடி நிர்வாக ஆவணங்கள் (பேராக்)

ஈப்போவில் ஸ்ட்ராட்டா பட்டா (அடுக்குமாடி வீட்டுக்கான உரிமைப் பத்திரம்) உள்ள வீட்டை வாங்குபவர் ஒரு நிர்வாக அமைப்பின் விதிகளுக்கும் உட்படுகிறார். இதற்கு அடிப்படை 2013-ஆம் ஆண்டு ஸ்ட்ராட்டா நிர்வாகச் சட்டம் (சட்டம் 757). பேராக்கில் இது 1 ஜூன் 2015 முதல் நடப்பில் உள்ளது. இச்சட்டத்தின்கீழான 2015 ஒழுங்குமுறைகளின் மூன்றாம் அட்டவணையிலுள்ள துணைவிதிகள் எல்லா ஸ்ட்ராட்டா குடியிருப்புகளுக்கும் பொது.

ஸ்ட்ராட்டா குடியிருப்பில் எழுத்தில் உள்ளதும் வாக்கெடுப்பில் நிறைவேறியதுமே விதி. கூடுதல் துணைவிதி இயற்ற, 21 நாள் முன்னறிவிப்புடன் கூட்டம் கூட்டி, நான்கில் மூன்று பங்கு வாக்குப் பெறவேண்டும். மீறுவோருக்கு அதிகபட்ச அபராதம் 200 ரிங்கிட். இந்த அதிகாரம் சிறிதன்று: துணைவிதி மூலம் குறுகியகால வாடகையைத் தடுக்கலாம் என 2020-இல் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பராமரிப்புக் கட்டணம் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒதுக்கப்பட்ட பங்கு அலகுகளின்படி கணக்கிடப்படும்.

தனிப்பட்டா உள்ள தரைவீட்டுத் தாமான்களில் நிலை வேறு. அங்குள்ள குடியிருப்பாளர் சங்கம் 1966 சங்கச் சட்டத்தின்கீழ்ப் பதிவாவது. அதன் அமைப்புவிதி உறுப்பினரை மட்டுமே கட்டுப்படுத்தும். பலர் குழம்புவது இந்த வேறுபாட்டில்தான்.

ஸ்ட்ராட்டா வீடு வாங்குமுன் கூடுதல் துணைவிதிகளையும் கடைசி ஆண்டுக்கூட்டக் குறிப்பையும் கேட்டு வாங்கிப் படியுங்கள்.