நெல்லியாளத்தில் இலை விலை கேட்டால்: ஏஐ முகவர்களுக்கான நிதித் தரவுக் கருவிகளை விவரித்தல்

நீலகிரி மாவட்டம், பந்தலூர் வட்டம், நெல்லியாளம் நகராட்சிப் பகுதியில் அரை ஏக்கர் தேயிலை வைத்திருக்கும் ஒருவர், "இந்த மாசம் இலை வெலை என்ன?" என்று கைப்பேசியில் கேட்பதாகக் கொள்வோம். பதில் சொல்ல வேண்டியது ஓர் ஏஐ முகவர். அதற்குத் தானாக விலை தெரியாது. ஒரு தரவுக் கருவியை அழைத்து வாங்கித்தான் சொல்ல வேண்டும். எந்தக் கருவி, எந்த மாதம், வந்த எண்ணுக்கு என்ன பொருள் என்பதையெல்லாம் அக்கருவிக்கு எழுதப்பட்டிருக்கும் நாலைந்து வரி விளக்கத்தைப் படித்தே அது முடிவு செய்கிறது. 2024 நவம்பரில் ஏஐ நிறுவனமான ஆந்த்ரோபிக் வெளியிட்ட மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால் (எம்சிபி) இந்த ஏற்பாட்டுக்கு ஒரு பொது வடிவம் தந்தது: கருவியின் பெயர், விளக்கம், கொடுக்க வேண்டிய உள்ளீடுகள். இந்த விளக்கத்தை நிரலாளரின் கடைசி நேர வேலையாக விட்டுவிடக் கூடாது, நிதித் தகவல் தருபவரின் பொறுப்பாகவே கொள்ள வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

இலை விலை என்று நீலகிரியில் ஓர் எண் இல்லை. குன்னூர் ஏலத்தில் வாரந்தோறும் கிடைக்கும் சராசரி, தொழிற்சாலையில் தயாரான தூளுக்கு உரியது. தேயிலை வாரியம் மாதந்தோறும் அறிவிக்கும் மாவட்டச் சராசரி பசுந்தேயிலைக்கு உரியது. தொழிற்சாலைகள் அதற்குக் குறையாமல் கொடுக்க வேண்டும் என்பது விதி. இண்ட்கோசர்வ் கூட்டுறவுத் தொழிற்சாலையோ இலையை விலைக்கு வாங்கித் தூளாக்கும் தனியார் பாட் லீப் தொழிற்சாலையோ உண்மையில் கொடுக்கும் விலை வேறு. இடையில் ஏஜென்ட் மூலம் இலை போடுபவருக்கு ஈரம், கழிவு என்று பிடித்தது போகக் கைக்கு வருவது இன்னொன்று. நான்கும் கிலோவுக்கு இத்தனை ரூபாய் என்றே எழுதப்படுகின்றன. குழப்பத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது.

2003ஆம் ஆண்டுத் தேயிலைச் சந்தைக் கட்டுப்பாட்டு ஆணையின் கீழ் உள்ள விலைப் பகிர்வு முறையில், தூளின் விலையில் விவசாயிக்கு 65 சதவீதம், தொழிற்சாலைக்கு 35 சதவீதம் என்பது விகிதம். ஏலச் சராசரி கிலோ 100 ரூபாய் என்று கணக்குக்காக வைத்துக்கொண்டால், விவசாயியின் பங்கு 65 ரூபாய். ஒரு கிலோ தூளுக்கு 4 கிலோ இலை என்று போட்டால் இலைக்கு 16 ரூபாய் 25 காசு; நாலரைக் கிலோ என்று போட்டால் 14 ரூபாய் 44 காசு. இந்தக் கணக்கில் எது கருவிக்குள் முடிந்துவிட்டது, எதை முகவர் தானே போட வேண்டும் என்று விளக்கத்தில் இல்லாவிட்டால், 100 ரூபாயை இலை விலை என்று அது சரளமான தமிழில் சொல்லிவிடும். கேட்டவர் மறுநாள் தொழிற்சாலை வாசலில் போய்ச் சண்டை போடுவார்.

"தேயிலை விலையைத் தரும்" என்ற ஒற்றை வரி, நான் பார்த்தவரை, இத்தகைய கருவிகளின் வழக்கமான விளக்க மாதிரி. அதற்குப் பதில் இப்படி எழுதலாம்: "நீலகிரி மாவட்டப் பசுந்தேயிலைக்குத் தேயிலை வாரியம் அறிவித்த மாதச் சராசரி விலையைத் தரும், ஒரு கிலோ இலைக்கு, ரூபாயில். இது குறைந்தபட்ச விலை. எந்தத் தொழிற்சாலையும் உண்மையில் கொடுத்த தொகை அல்ல. தூள் ஏல விலைக்கு இதை அழைக்க வேண்டாம். கேட்ட மாதத்துக்கு அறிவிப்பு வரவில்லை என்றால் 'அறிவிக்கப்படவில்லை' என்றே வரும். முந்தைய மாத விலையை அதன் இடத்தில் சொல்லக் கூடாது." இதில் பாதிக்கு மேல், கருவி எது அல்ல என்பதைச் சொல்லும் வரிகள். மனித வாசகருக்கு இது சலிப்பாக இருக்கலாம். ஆனால் வாரிய அலுவலகத்தில் பத்து வருடம் உட்கார்ந்த எழுத்தருக்குத் தெரிந்திருப்பது முகவருக்குத் தெரியாது.

தேதி விஷயத்தில் மியூச்சுவல் ஃபண்ட் துறை ஒரு நல்ல வழக்கத்தை வைத்திருக்கிறது. அத்துறைச் சங்கமான ஆம்ஃபி நாள்தோறும் வெளியிடும் என்ஏவி (நிகரச் சொத்து மதிப்பு) கோப்பில் ஒவ்வொரு திட்டத்தின் வரியிலும் அதற்கான தேதி தனியாக நிற்கும்; பழைய மதிப்பு கிடந்தால் தேதியே காட்டிக்கொடுக்கும். இலை விலைக்கும் விலை பொருந்தும் மாதம், அறிவிப்பு வந்த நாள் இரண்டும் பதிலோடு சேர்ந்தே வர வேண்டும்.

விளக்கம் நீண்டால் மாடலின் இடத்தை அடைக்கும், இன்றைய மாடல்கள் ஊகித்துக்கொள்ளும் என்ற மறுப்பு உண்டு. முதல் பாதி நியாயமே. அதனால்தான் தேதிகளை விளக்கத்தில் குவிக்காமல் பதிலிலேயே வைக்கச் சொல்கிறேன். இரண்டாம் பாதியை ஏற்க முடியாது. பொது அறிவை மாடல் ஊகிக்கலாம், விதியை ஊகிக்கக் கூடாது. ஆனால் ஆபத்து என்றதும் துறையின் கவனம் வேறிடத்துக்குப் போகிறது. பங்குத் தரகு நிறுவனமான ஜெரோதா 2025இல் தன் எம்சிபி கருவித் தொகுப்பான கைட் எம்சிபியை வெளியிட்டபோது, தான் நடத்தும் சேவையகத்தில் பங்கு வாங்கி விற்கும் செயல்களைச் சேர்க்கவில்லை. ஆணை பிறப்பிப்பதில் உள்ள ஆபத்தை எல்லோரும் உணர்கிறார்கள். எண்ணைத் தவறாக வாசிப்பதில் உள்ள ஆபத்து அவ்வளவு கண்ணில் படுவதில்லை; அரை ஏக்கர்க்காரருக்கு அதுவும் பண இழப்புதான்.

இடமும் ஓர் உள்ளீடு. பந்தலூர் வட்டம் கேரளத்தின் வயநாட்டை ஒட்டியது. நீலகிரி மாவட்டச் சராசரியோ எல்லையோடு முடிந்துவிடும்; அதனால் எந்த மாவட்டத்து விலை என்பதையும் கருவிக்குச் சொல்ல வேண்டும். நெல்லியாளத்தில் கேட்பவர்கள் எல்லோரும் விவசாயிகளும் அல்லர். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து வந்த குடும்பங்களுக்கு வேலை தர, 1976இல் நிறுவனமாக உருவான, அரசின் தேயிலைத் தோட்டக் கழகமான டான்டீயின் தோட்டங்கள் இங்கே இருக்கின்றன. அங்கே கொழுந்து பறிப்பவர் கிலோவுக்கு எவ்வளவு என்று கேட்டால், நிர்ணயித்த அளவுக்கு மேல் பறித்த கொழுந்துக்கான கூலியைக் கேட்கிறார். அவருக்கு வாரிய விலை பதிலே அல்ல. "கேட்பவர் இலை விற்பவரா, பறிப்பவரா என்று தெரியாவிட்டால் முதலில் கேள்" என்ற ஒரு வரி விளக்கத்தில் இருந்தாலே இந்தத் தவறு தடுக்கப்படும்.

தேயிலை வாரியத்துக்கு ஒரு வேண்டுகோள். மாத விலை அறிவிப்போடு மாவட்டம், மாதம், அலகு, அறிவிப்பு நாள், கணக்கில் கொண்ட இலை–தூள் விகிதம் ஆகியவற்றைக் கணினி படிக்கும் வடிவில், தமிழ் விளக்கத்துடன் வாரியமே வெளியிட வேண்டும். மற்றவர் எழுதும் விளக்கம் எவ்வளவு நன்றாக இருந்தாலும், விதியைச் சொல்லும் அதிகாரம் அதற்கு இல்லை.