குமிழியிற் பிறந்த ஒளி

ஊவா மலைத்தோட்டங்களில் விடியுமுன்னரே அடுப்பேறும் கேத்தல், நீர் கொதிப்பதற்குச் சற்று முன்பு இரையத் தொடங்கும். பதுளையிலும் பசறையிலும் அவ்விரைச்சலைக் கேளாத வீடில்லை. அடியிலே தோன்றும் நீராவிக் குமிழிகள் மேலெழுந்து, சூடு குறைந்த நீரிற் பட்டதும் நசுங்குகின்றன. அந்த நசுங்கலின் ஓசையே அது. இங்கே குமிழி நசுங்க ஒலி பிறக்கிறது. ஒலியினாற் குமிழி நசுங்கி, அதனின்று ஒளியும் பிறக்கும் என்பது இருபதாம் நூற்றாண்டிலேதான் தெரியவந்தது.

1917ஆம் ஆண்டில் ஆங்கில அறிஞர் ரேலி பிரபு, நீரிலுள்ள வெற்றிடம் மூடிக்கொள்ளும்போது எழும் பேரழுத்தத்தைக் கணித்தார். கப்பலை உந்தும் சுழலித் தகடுகளின் சேதம் பற்றிய ஆய்வில் எழுந்தது அக்கணக்கு. அதில் ஒளிக்கு இடமிருக்கவில்லை.

1934இல் ஜெர்மனியின் கொலோன் நகரில் பிரென்சல், ஷுல்டெஸ் என்னும் இருவர், நிழற்படம் கழுவும் திரவத்தினுள், செவிக்கெட்டாத மீயொலியைச் செலுத்தினர். படம் விரைவில் துலங்கவேண்டும் என்பதே நோக்கம். ஆனால் படச்சுருளிலே சின்னஞ்சிறு புள்ளிகள் விழுந்தன. அவற்றை அழுக்கென்று தள்ளிவிடாது ஆராய்ந்து, குமிழிகளே ஒளி உமிழ்வதைக் கண்டனர்.

கூட்டமாகத் தோன்றி மறையும் குமிழிகளை அளப்பது அரிது. 1989 அளவில், அமெரிக்காவின் மிசிசிப்பிப் பல்கலைக்கழகத்தில் கைத்தான், கிரம் ஆகியோர் ஒற்றைக் குமிழியை ஒலியலையால் நீரின் நடுவே நிறுத்தினர். நொடிக்கு ஏறத்தாழ 20,000 தடவை அது விரிந்து, சுருங்கி, மின்னியது. மிதிவண்டிக்குக் காற்றடிக்கையில் பம்பு சூடேறுவதன்றோ? அவ்வாறே திடீரென நெருக்குண்ட வாயு கடுஞ்சூடேறி ஒளிர்கிறது.

அச்சூட்டில் அணுக்கருக்கள் இணைந்தன என்று 2002இல் அமெரிக்க ஆய்வாளர் சிலர் அறிவித்தனர். குறையாத எரிசக்தி கைகூடிற்று என்ற ஆசை உலகெங்கும் எழுந்தது. பிறர் சோதித்தபோது அது மெய்ப்படவில்லை. 2005இல் இலினோய்ப் பல்கலைக்கழகத்தார் கந்தக அமிலத்துக் குமிழியொன்றின் வெப்பத்தை அளந்தனர். அது சுமார் 15,000 பாகை. சூரியனின் மேற்பரப்பினும் இருமடங்குக்கு மேல்.

சென்னைப் பல்கலைக்கழகத்திற் பயின்ற முத்துப்பாண்டியன் அசோக்குமார், மெல்போர்னில் இத்துறையை வளர்த்து, மீயொலியைப் பால் முதலான உணவுப் பொருள்களைப் பக்குவப்படுத்தவும் பயன்படுத்தியுள்ளார். சிறு புள்ளியையும் புறக்கணியாத கண்ணும், பெரும் பேச்சையும் சோதியாது ஏற்காத உறுதியும் சேர்ந்தே இவ்வறிவை இத்தனை தூரம் கொணர்ந்தன. நம் மாணாக்கர் கைக்கொள்ளவேண்டியவை அவ்விரண்டுமே.