பரங்கிமலைச் சிலுவையைச் செதுக்கியவர் யார்?



கொல்லிமலையில் வாழும் நமக்குக் கொல்லிப்பாவை புதியவள் அல்ல. குறுந்தொகையில் கபிலரும் பரணரும் பாடியுள்ள அப்பாவையைத் தெய்வமே அமைத்தது என்று முன்னோர் நம்பினர். செய்தவர் பெயர் தெரியாத அரிய வேலைப்பாட்டை விண்ணவர் செயலாகப் போற்றுவது மக்களின் இயல்பு. நமது திருச்சபையிலும் அவ்வாறு போற்றப்படும் ஒன்று உண்டு. அதுவே சென்னை பரங்கிமலையில் உள்ள கற்சிலுவை.

1547-ஆம் ஆண்டு போர்த்துக்கீசியர் அம்மலையுச்சியில் ஆலயப் பணிக்காகக் கடைக்கால் தோண்டியபோது இச்சிலுவை கிடைத்தது. புனித தோமையாரே இதைத் தம் கையால் செதுக்கினார் என்பது மரபு. 1558-ஆம் ஆண்டு முதல் பலமுறை இதில் இரத்தம் கசிந்ததாகவும் கூறப்படுகிறது. எழுத்தமைதியைக் கொண்டு ஆய்வாளர்கள் இதை ஏறத்தாழ 7 முதல் 9-ஆம் நூற்றாண்டு வரையிலான காலத்தது என்பர்.

இச்சிலுவையில் பாடுபட்ட உருவம் இல்லை. மேலே புறா இறங்குகிறது. அடியில் இதழ்கள் விரிகின்றன. சுற்றிலும் பழைய பாரசீகத்தின் பஹ்லவி எழுத்தில் ஒரு வாசகம் ஓடுகிறது. கேரளத்தில் கோட்டயம், முட்டுச்சிறை முதலிய இடங்களில் உள்ள சிலுவைகளிலும் இதே வாசகம் காணப்படுகிறது.

அவ்வாசகம் என்ன சொல்கிறது? ஆண்டவராகிய கிறிஸ்து ஒரு மனிதர்மீது இரக்கம் காட்டவேண்டும் என்று மன்றாடுகிறது. ஆனால், அம்மனிதரின் பெயரை ஆப்ராஸ் என்று ஒருவரும், காபிரியேல் என்று மற்றொருவரும், சப்ரீசோ என்று வேறு சிலரும் படித்துள்ளனர். அவர் சிலுவையைச் செதுக்கியவரா, செய்வித்தவரா, கொண்டுவந்தவரா என்பதிலும் ஒத்த கருத்து இல்லை. கல்லில் வெட்டிய பெயரே ஐயத்திற்குரியதாகிவிட்டது. இரக்கம் கேட்கும் மன்றாட்டு மட்டும் நிலைத்திருக்கிறது.

ஜெர்மனி நாட்டில் பிரைசாக் நகர ஆலயத்திலும் இதுபோன்ற ஒன்றைக் காண்கிறோம். அன்னை மரியா முடிசூட்டப்படும் காட்சியை லிண்டன் மரத்தில் செதுக்கிய பெரும் பீடம் அங்குள்ளது. 1526-ஆம் ஆண்டையும் ‘எச்.எல்.’ என்ற இரு எழுத்துகளையும் மட்டுமே சிற்பி அதில் விட்டுச்சென்றார். அவர் யார் என்பது இன்றுவரை உறுதியாகவில்லை. ஆனாலும் அப்பீடத்தின்முன் மக்கள் செபிக்கின்றனர்.

நம் பங்குகளில் நிலை என்ன? மின்விசிறியின் இறக்கையிலும், இருக்கையின் முதுகிலும், கொடிமரத்தின் அடியிலும் உபயதாரர் பெயர்கள். கல்வெட்டில் பெயர் விடுபட்டதற்காகவோ, கீழே போடப்பட்டதற்காகவோ ஆலயத்திற்கு வருவதையே நிறுத்திக்கொண்ட குடும்பங்களும் உண்டு. கொடுத்த காணிக்கையே கடவுளிடமிருந்து நம்மைப் பிரிக்குமானால், அது யாருக்குக் கொடுத்த காணிக்கை?

பெயர் பொறிப்பது பாவம் என்பதல்ல. சந்திப்புக் கூடாரத்தின் வேலைக்காகக் கடவுள் பெட்சலேலைப் பெயர் சொல்லியே அழைத்தார் (விப 31:2). கடவுள் நம் பெயரை அறிவார் என்பதே அதன் பொருள். வலக்கை செய்வது இடக்கைக்குத் தெரியவேண்டாம் என்று இயேசு கற்பித்ததும் (மத் 6:3), மறைவில் உள்ளதைத் தந்தை காண்கிறார் என்பதால்தான்.

எனவே, நன்கொடை கொடுக்கும்போதும், ஆலயம் கூட்டும்போதும், பாடகர் குழுவில் பின்வரிசையில் நிற்கும்போதும், பரங்கிமலைக் கல்லில் உள்ள மன்றாட்டையே நமதாக்குவோம். நம் பெயரைப் பிறர் படிக்கவேண்டும் என்று அல்ல, ஆண்டவர் நம்மீது இரங்கவேண்டும் என்று கேட்போம். ஆமென்.