அணையாத எச்சரிக்கை விளக்கு

மோட்டார் வாகனத்தின் டேஷ்போர்டில் தோன்றும் எச்சரிக்கைச் செய்தி, பழுது பார்த்த பிறகும் அணையாமல் நிற்பது இன்றைய உரிமையாளர்களையும் மெக்கானிக்குகளையும் ஒருங்கே அலைக்கழிக்கும் தொல்லையாக இருக்கிறது. பேட்டரி வயரைக் கழற்றி மாட்டினால் ஓரிரு நாள் மறைந்திருந்து மீண்டும் தலைகாட்டும் அந்தச் செய்தியைக் கருவியின் கோளாறு என்றே பலர் கருதுகின்றனர். ஆயினும் அந்தப் பிடிவாதம் தற்செயலாக வந்து சேர்ந்ததன்று. காற்று மாசைத் தடுக்க முனைந்த அரசு அமைப்புகளும், திருட்டு இழப்பீட்டால் நெருக்கடிக்கு ஆளான காப்பீட்டு நிறுவனங்களும், அவற்றுக்கு ஈடுகொடுக்க வேண்டியிருந்த வாகனப் பொறியாளர்களும் பல ஆண்டுகளில் வேண்டுமென்றே அதனுள் ஏற்றிய குணம் அது. எச்சரிக்கை எப்படி நினைவாற்றல் பெற்றது என்பதே அந்த விளக்கின் வரலாறு.

தொடக்ககால வாகனங்களில் எச்சரிக்கை என்பது ஓட்டுநரின் கண்ணும் காதும் மூக்குமாகவே இருந்தது. எஞ்சினின் வெப்பநிலையை அறிய, 1910களில் அமெரிக்காவில் பாய்ஸ் மோட்டோமீட்டர் என்ற வெப்பமானி பரவலாயிற்று. ரேடியேட்டர் மூடியின் உச்சியில் பொருத்தப்பட்ட அந்தக் கருவி, உள்ளிருக்கும் நீருக்கு மேலே நிற்கும் ஆவியின் வெப்பத்தை அளந்தது. ஓட்டுநர் தம் இருக்கையிலிருந்தே பானெட்டின் முனைவரை பார்வையை ஓட்டி, சிவந்த திரவம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று கண்டறிந்தார். பின்னர் எண்ணெய் அழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் காட்டும் முள் அளவிகள் டேஷ்போர்டில் இடம்பெற்றன. அவை அளவைக் காட்டினவே தவிர, இது நல்லது, இது கெட்டது என்று தீர்ப்புக் கூறவில்லை. அந்தத் தீர்ப்பு ஓட்டுநரிடமே இருந்தது.

1930களில் அமெரிக்காவின் ஹட்சன் நிறுவனம், எண்ணெய் அழுத்தத்துக்கும் மின்னாக்கிக்கும் முள் அளவிகளை நீக்கிவிட்டுச் சிறு விளக்குகளை வைத்தது. அளவியைப் படிக்கத் தெரியாதவருக்கும் சிவப்பு விளக்கு புரியும் என்பதே இம்மாற்றத்தின் அடிப்படை. வாகனத்தை நுணுக்கமாக அறிந்தவர்கள் இதை விரும்பவில்லை. முள் மெல்ல இறங்குவதைக் கண்டு முன்கூட்டியே விழித்துக்கொள்ளும் வாய்ப்பை விளக்கு பறித்துவிடுகிறது என்று குறைகூறி, அதற்கு ‘முட்டாள் விளக்கு’ என்ற பொருள்படும் பெயரையும் சூட்டினர். அக்குறையில் உண்மை உண்டு. ஆனால் சாலைக்கு வந்த புதிய ஓட்டுநர் கூட்டத்தில் பெரும்பாலோர் அளவியைத் திரும்பிக்கூடப் பார்க்காதவர்கள் என்பதும் உண்மையே.

அக்கால விளக்கின் இயக்கத்தைச் சற்று அருகிருந்து காண்பது பயன் தரும். மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் 1950களின் இறுதியிலிருந்து 2014 வரை உருவான அம்பாசடர் காரின் பழைய மாடல்களின் டேஷ்போர்டில், சாவியைத் திருப்பியவுடன் ஒரு சிறு சிவப்பு விளக்கு எரியும். அவ்விளக்கின் ஒரு முனை பேட்டரியோடும், மறுமுனை பேட்டரிக்கு மின்னேற்றும் டைனமோவோடும் இணைக்கப்பட்டிருந்தது. எஞ்சின் நிற்கும்போது பேட்டரியிலிருந்து டைனமோவின் வழியே மின்சாரம் பாய்வதால் விளக்கு எரிந்தது. எஞ்சின் ஓடி டைனமோவின் மின்னழுத்தம் பேட்டரியின் மின்னழுத்தத்துக்கு நிகராக உயர்ந்ததும், இரு முனைகளுக்கும் வேறுபாடு இல்லாததால் விளக்கு தானே அணைந்தது. ஓடும் வண்டியில் அது திடீரென எரிந்தால் ஃபேன் பெல்ட் அறுந்திருக்கலாம் என்பது ஓட்டுநர்களுக்கு மனப்பாடம். ஏனெனில் டைனமோவைச் சுழற்றிய அதே பெல்ட்தான் நீர் பம்பையும் காற்றாடியையும் சுழற்றியது. பெல்ட்டை மாற்றிய கணமே விளக்கு அணைந்தது. சாவியைத் திருப்பியும் அது எரியாவிட்டால் பல்பு போய்விட்டது என்று பொருள். விளக்கு எதையும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை, நினைவில் வைக்க அதற்கு இடமும் இல்லை.

இந்நிலையை மாற்றியது லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் புகைமூட்டம். 1943ஆம் ஆண்டுக் கோடையில் கண்ணெரிச்சல் தரும் மூட்டம் அந்நகரைச் சூழ்ந்தபோது அதன் மூலம் யாருக்கும் விளங்கவில்லை. கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தின் வேதியியலாளர் ஆரி ஹாகன்-ஸ்மிட், வாகனப் புகையிலுள்ள ஹைட்ரோகார்பன்களும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் சூரிய ஒளியில் வினைபுரிந்து ஓசோனை உண்டாக்குகின்றன என்று 1950களின் தொடக்கத்தில் நிறுவினார். 1967இல் அமைந்த கலிபோர்னியா காற்று வள வாரியத்துக்கு அவரே முதல் தலைவரானார். 1975 மாடல் கார்களிலிருந்து, புகைக்குழாயில் நச்சு வாயுக்களைச் சிதைக்கும் வினையூக்கி மாற்றி அமெரிக்காவில் பரவலாயிற்று. பின்னர் வந்த மேம்பட்ட மாற்றிகள் சரிவர இயங்க, எரிபொருளையும் காற்றையும் நுட்பமான விகிதத்தில் கலக்கும் கணினியும், புகையில் எஞ்சிய ஆக்சிஜனை அளக்கும் சென்சாரும் தேவைப்பட்டன.

இங்குதான் எச்சரிக்கையின் இயல்பே மாறியது. பெல்ட் அறுந்தால் வண்டி சூடேறி நிற்கும், எண்ணெய் குறைந்தால் எஞ்சின் தட்டும். வினையூக்கி மாற்றி செயலிழந்தாலோ வண்டி முன்போலவே ஓடும், ஓட்டுநரின் உடலுக்கு எதுவும் தட்டுப்படாது, கேடு விளைவது தெருவில் நிற்பவரின் நுரையீரலுக்கு. ஓட்டுநருக்குத் தெரியாத, தெரிந்தாலும் அவரை உறுத்தாத ஒரு கோளாற்றை அவர் கண்முன் நிறுத்த வேண்டியிருந்ததால், விளக்கு அதுவரை இல்லாத பிடிவாதத்தைப் பெற்றாக வேண்டியதாயிற்று.

ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1981 மாடல் கார்களில் பரவலாகப் பொருத்திய கணினி, சென்சார்களின் கோளாறுகளை எண்களாகச் சேமித்து, ‘செக் இன்ஜின்’ என்ற விளக்கை ஏற்றியது. அந்த எண்ணைப் படிக்க விலையுயர்ந்த கருவி தேவைப்படவில்லை. டேஷ்போர்டுக்கு அடியிலிருந்த சாக்கெட்டில் ஏ, பி என்ற இரு முனைகளைக் காகிதக் கவ்வி ஒன்றால் இணைத்து, எஞ்சினை இயக்காமல் சாவியை மட்டும் திருப்பினால், அதே விளக்கு கண்சிமிட்டத் தொடங்கும். ஒரு சிமிட்டல், சிறு இடைவெளி, தொடர்ந்து இரு சிமிட்டல்கள் என்றால் 12 என்று பொருள். மும்முறை வரும் அந்த 12, எஞ்சினிலிருந்து சுழற்சித் துடிப்பு வரவில்லை என்பதைத் தெரிவித்து, கணினி விழித்திருக்கிறது என்பதற்குச் சான்றாகவும் அமைந்தது. அதன் பிறகு 13 வந்தால் ஆக்சிஜன் சென்சார் சுற்று, 14 வந்தால் குளிர்நீர் வெப்பநிலைச் சென்சார். தாளும் பென்சிலுமாக அமர்ந்து சிமிட்டல்களை எண்ணியவர்களே இன்றைய ஸ்கேனர் மெக்கானிக்குகளின் முன்னோடிகள்.

திருட்டைத் தடுக்கும் எச்சரிக்கை தனிக் கிளையாக வளர்ந்தது. அதே நிறுவனம் 1986 மாடல் கார்வெட் காரின் சாவியில் ஒரு மின்தடையைப் பதித்தது. 400 ஓம் அளவிலிருந்து ஏறத்தாழ 11,800 ஓம் வரை 15 வெவ்வேறு மதிப்புகளில் ஒன்றைக் கொண்ட அந்தச் சிறு கறுப்புத் துண்டு, சாவித் துளையிலுள்ள தொடுமுனைகளில் பட்டதும் கணினி அதன் மதிப்பை அளந்தது. பொருந்தவில்லையெனில் எரிபொருளை நிறுத்தி, சில நிமிடங்கள் வரை வண்டி கிளம்பாமல் செய்து, ‘செக்யூரிட்டி’ விளக்கை ஏற்றியது. ஆண்டுகள் செல்லச் செல்ல அவ்விளக்கு உரிமையாளரின் சொந்தச் சாவிக்கே எரியலாயிற்று. தொடுமுனைகளிலிருந்து ஸ்டீயரிங் தண்டின் வழியே இறங்கிய இரு மெல்லிய வயர்கள், ஒவ்வொரு முறை சாவி திரும்பும்போதும் வளைந்து நிமிர்ந்து, இறுதியில் உள்ளுக்குள்ளேயே அறுந்துபோனதுதான் பெரும்பாலான வேளைகளில் காரணம். கணினியை மாற்றியும் பயன் காணாதவர்கள் ஒருபுறமிருக்க, அனுபவமுள்ள எலக்ட்ரீஷியன் சாவியிலுள்ள மின்தடையை மீட்டரால் அளந்து, அதே மதிப்புள்ள மின்தடையொன்றை வயரோடு நிரந்தரமாகச் சாலிடர் வைத்து விளக்கை அணைத்தார். அணைந்தது விளக்கு மட்டுமன்று, திருட்டுக் காவலும்தான் என்பதைச் சொல்லாமல் விடலாகாது.

ஐரோப்பாவில் காப்பீட்டு நிறுவனங்களே முன்னின்றன. பிரிட்டனில் தாட்சம் என்னுமிடத்தில் அவை நடத்திய ஆய்வு மையம் 1990களில் வகுத்த தர வரிசையின் முதல் வகுப்பில் சேர, அலாரத்தின் சைரனுக்கெனத் தனி பேட்டரி இருக்க வேண்டியிருந்தது. திருடன் வண்டியின் பேட்டரி வயரை வெட்டினாலும் அலறல் ஓயக்கூடாது என்பதே நோக்கம். சாவியின் சிப்பை வானலையால் அடையாளம் காணும் இம்மொபிலைசர், 1998 அக்டோபர் முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புதிய கார்களுக்குக் கட்டாயமானது. திருட்டைக் குறைப்பதில் அமைதியான அந்தக் கருவி, ஊரைக் கூட்டிய சைரனைவிட மிகுந்த பயன் தந்தது. சைரனோ வெறும் அதிர்வுக்கும் அலறி மக்களின் உறக்கத்தைக் கெடுத்ததால், நியூயார்க் நகரம் கார் அலாரம் மூன்று நிமிடங்களுக்குள் தானே அடங்க வேண்டும் என்று விதி செய்ய நேர்ந்தது.

யாராலும் அடக்க முடியாதபடி சைரனுக்குள் வைக்கப்பட்ட அந்தச் சிறு பேட்டரியே பின்னாளில் தொல்லையின் ஊற்றாகவும் ஆனது. பானெட்டுக்கு அடியிலோ சக்கர வளைவுக்கு உள்ளேயோ, சூட்டிலும் ஈரத்திலும் பல ஆண்டுகள் இருந்த பேட்டரி கசிந்து, அதன் திரவம் மின்சுற்றுப் பலகையின் செம்புத் தடங்களைப் பச்சை பூக்க அரித்தது. வண்டியின் கணினி அவ்வப்போது சைரனை விசாரித்து, விடை வராததால், அலாரத்தைச் சரிபார்க்கவும் என்ற செய்தியை ஓயாமல் காட்டியது. உரிமையாளர் வண்டியின் பெரிய பேட்டரியை மாற்றினார், சாவியின் பேட்டரியை மாற்றினார், செய்தி மட்டும் மாறவில்லை. பானெட் மூடியிருக்கிறதா என்று உணரும் சுவிட்சில் துரு ஏறினாலும், மூடிய பானெட்டைத் திறந்ததாக எண்ணி அலாரம் அலறும். அரணாக வைத்த பொருளே பழுதாகும் இத்தகைய இடங்களில், கணினியைக் குற்றம் சாட்டும் முன் சைரனைத் திறந்து பார்ப்பதே முறை.

புகைக் கட்டுப்பாட்டின் பாதையில் அடுத்த பெரிய மாற்றம், கோளாற்று மொழி பொதுவானது. 1988 மாடலிலிருந்து கலிபோர்னியா வற்புறுத்திய முதல் தலைமுறைத் தற்கண்டறிதல் முறையில் ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனி எண்களையும் சாக்கெட்டுகளையும் வைத்திருந்தது. ஓபிடி-2 எனப்படும் இரண்டாம் தலைமுறை, 1996 மாடலிலிருந்து அமெரிக்காவில் விற்ற எல்லாக் கார்களிலும் 16 முனைகள் கொண்ட ஒரே சாக்கெட்டையும் ஒரே எண் வரிசையையும் கட்டாயமாக்கியது. எண்ணின் முதலிலுள்ள பி என்ற எழுத்து எஞ்சின் சார்ந்த பகுதியையும், அதையடுத்த 0 எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான பொருளையும் குறித்தன. பி0420 என்றால் வினையூக்கி மாற்றியின் திறன் குறைந்துள்ளது என்பது எங்கும் ஒன்றே.

விளக்கின் நடத்தையும் அப்போதே விதியானது. பெரும்பாலான கோளாறுகள் அடுத்தடுத்த இரு ஓட்டங்களில் தென்பட்டால்தான் விளக்கு எரியும். அடுத்தடுத்த மூன்று ஓட்டங்களில் கோளாறு இல்லையெனில் தானே அணையும். எண்ணோ மேலும் 40 முறை எஞ்சின் சூடாகித் தணியும்வரை நினைவில் நிற்கும். நிலையாக எரியாமல் விட்டுவிட்டு மின்னினால், எரியாத பெட்ரோல் வினையூக்கி மாற்றியைச் சுட்டுக் கெடுக்கும் நிலை என்று பொருள், அப்போது வண்டியை நிறுத்துவதே நலம். பழுதைச் சரிசெய்த அன்றே விளக்கு அணையவில்லை என்று கலங்குவோர் பலர் இவ்விதியை அறியாதவர்களே. புகைச் சோதனைக்கு முன் எண்ணை அழித்து ஏமாற்றும் வழக்கம் பெருகியதால், 2010 மாடல் முதல் அமெரிக்காவில் நிரந்தர எண் என்ற ஏற்பாடும் வந்தது. அதை ஸ்கேனரால் அழிக்க இயலாது, பேட்டரி வயரைக் கழற்றினாலும் போகாது, கோளாறு நீங்கிவிட்டதை வண்டியே ஓடிச் சோதித்து உறுதிசெய்த பிறகுதான் மறையும்.

நினைவு ஏறிய விளக்கும் ஏமாற்றப்படக்கூடியதே. 2015 செப்டம்பரில் வெளிப்பட்ட ஃபோக்ஸ்வாகன் முறைகேட்டில், உலகெங்கும் சுமார் 1.1 கோடி டீசல் வண்டிகளில், சோதனையின்போது மட்டும் புகையைக் கட்டுப்படுத்தும் மென்பொருள் இருந்தது. சாலையில் புகை எல்லை மீறியபோதும் விளக்கு எரியவில்லை. எதற்கு எரிய வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் மென்பொருள் தயாரிப்பாளரின் கையில் மட்டும் இருப்பதன் ஆபத்தை இதைவிடத் தெளிவாகக் காட்டிய நிகழ்வு வேறில்லை. பழுதுத் தகவலை உரிமையாளருக்கும் சிறு பட்டறைகளுக்கும் திறந்துவிட வேண்டும் என்ற கோரிக்கைக்கு, மாசசூசெட்ஸ் மாநில மக்கள் அதற்கு முன்பே 2012 வாக்கெடுப்பில் பெரும் ஆதரவளித்திருந்தனர்.

இந்தியாவில் பாரத் ஸ்டேஜ் 4 விதிகளின்கீழ் முதற்கட்டத் தற்கண்டறிதல் 2010 ஏப்ரலிலும், ஓபிடி-2 2013 ஏப்ரலிலும் நடைமுறைக்கு வந்தன. ஆகவே அதற்குப் பின் வெளிவந்த கார்களில் ஸ்டீயரிங்குக்கு அடியில் அந்த 16 முனைச் சாக்கெட் இருக்கிறது. விளக்கு எரியும் வண்டியைப் பட்டறையில் விடும் உரிமையாளர், எண்ணை அழிக்கச் சொல்வதற்கு முன் அது என்ன எண் என்று கேட்டு ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். அழித்த பிறகு அதே எண் திரும்ப வருகிறதா, வேறு எண் வருகிறதா என்பதை ஒப்பிட்டுப் பார்க்க அந்தத் தாள் உதவும்.